கொண்டி

பெரியாஸ்பத்திரியின் மேல்மாடியில்
பழைய கோப்புகளுக்கும் ஒரு கட்டில் கொடுத்திருக்கிறார்கள்,
சக்கரம் கழன்றது.
அதன்மேல் அறுபத்திரண்டு பிள்ளைகள்
பழுப்பு உறைக்குள், நாடா கட்டி.

என் வேலை போன் எடுப்பது.
பிறந்த கிழமை மலம் போகாமல் வயிறு ஊதி வந்து,
நரம்பு முளைக்காத குடலை வெட்டி
நல்ல குடலைக் கீழே இழுத்துத் தைத்து
வீட்டுக்கு அனுப்பிய பிள்ளைகள்
இப்ப என்ன மாதிரி?

முப்பது நாள் விளைவு ஏற்கெனவே தெரியும்:
அறுபத்திரண்டில் அறுபது.
கட்டுரைகள் பலதும் முப்பதோடு நிறுத்திக்கொள்ளும்.
எங்களுக்கு முப்பத்தொன்றும் உண்டு.
துடக்குக் கழிவும் அன்றுதான், அந்தியேட்டியும் அன்றுதான்.
அந்த இரண்டு உறைகளையும்
அடுக்கின் அடியில் வைத்திருக்கிறேன்.

டொக்டர் வாகீசினி தந்த படிவத்தில்
இருபத்துமூன்று கேள்விகள்.
போன நாலு கிழமையில் எத்தனை தரம் உடுப்பில் பட்டது?
ஒருபோதும் இல்லை, சிலவேளை, அடிக்கடி, எப்போதும்.
பூச்சியத்தில் இருந்து மூன்று வரை.

பாசையூர் றெஜினா சொன்னா:
"சிலவேளை எண்டு போடுங்கோ தம்பி.
இல்லை, பொறுங்கோ, றால் திண்டால் மட்டும்."
சிலவேளைக்குள் றால் இல்லை.
ஒன்று போட்டேன்.

கைதடியில் ஒரு தகப்பன்
மகள் முதன்முதல் காற்றுப் பிரித்த இரவை
மணியோடு சொன்னார்: இரண்டு பத்து.
வார்டில் இருந்த தாய்மார் எல்லாரும் எழும்பிச் சிரித்தார்களாம்,
மிஸ்ஸி பேச மறந்து தானும் சிரித்தாவாம்.
மணி எழுத ஒரு பெட்டியும் இல்லை.

சில இலக்கங்களை அழுத்தினால்
முதலில் சிங்களத்தில், பிறகு தமிழில், பிறகு ஆங்கிலத்தில்
இல்லை என்கிறது.
ஒரு பிள்ளை கனடாவாம். ஒன்று விசுவமடுவில்,
எந்த ஒழுங்கை என்று ஒருவருக்கும் தெரியாது.
தொடர்பறுந்தவர் என்று எழுத வேண்டும்.
பதினொரு தரம் எழுதினேன்.

முப்பத்தேழாம் கோப்பு, சுழிபுரம்.
எடுத்தது சின்னக் குரல்.
"அம்மா வேலைக்கு. நான்தான் அந்தப் பிள்ளை,
சொல்லுங்கோ."
யதுகுலன். ஒன்பது வயது.
தாயின் சம்மதம் இல்லாமல் கேட்கக்கூடாது,
பின்னேரம் எடுக்கிறேன் என்றேன்.

"வெட்டினதை எங்க வைச்சிருக்கிறியள்?"

எனக்குத் தெரியும். நோயியல் பிரிவின் அலுமாரியில்
நகத்தளவு துண்டு, மெழுகுக்குள்.
அதன் இலக்கம்கூடக் கோப்பில் இருக்கிறது.
"கவனமாத்தான் இருக்கு."
"அப்ப சரி."

வைக்கப் போனவன் வைக்கவில்லை.
"அண்ணை, நான் பள்ளிக்கூடத்தில போறேல்லை.
கக்கூஸ் கதவுக்குக் கொண்டி இல்லை.
காலமை சாப்பிடாமல், இடைவேளைக்கும் சாப்பிடாமல் விட்டால்
ஒண்டும் வராது.
அதை எழுதுவியளோ?"

பின்னேரம் தாய் சொன்ன மறுமொழி முழுக்கப் பூச்சியம்.
உடுப்பில் படுவதே இல்லையாம்.
மிக நல்ல விளைவு.
எங்கள் அட்டவணையில் அவன் முதல் வரிசையில் நின்றான்,
பசியோடு.

படிவத்தின் ஓரத்தில் பென்சிலால்
கொண்டி என்று மட்டும் எழுதிக் கொண்டுபோனேன்.
தியேட்டரால் வந்த டொக்டர்
தொப்பி கழற்றாமலே வாசித்தா.
தைத்தவ அவதான்.
ஒன்பது வருசத்துக்கு முந்திய நாள்,
பெருவிரல் மொத்தக் குடல்,
தலைமயிரிலும் மெல்லிய நூல்.
கோபமோ களைப்போ தெரியவில்லை.
"எந்தப் பள்ளிக்கூடம்?" என்றா.
பிறகு என் பென்சிலை வாங்கி
இருபத்துநாலு என்று இலக்கம் போட்டா.

நாற்பத்தொன்பது பேருக்கும்
திரும்ப முதலில் இருந்து எடுக்கிறேன்.
றெஜினா சிரிக்கிறா:
"கொண்டியோ? இதுவும் ஆராய்ச்சியோ தம்பி?"
பிறகு சத்தமில்லை.
எங்கோ மீன்கார மோட்டார்சைக்கிள் ஹோர்ன் அடித்துப் போகிறது.
"பொறுங்கோ, வைச்சிடாதையுங்கோ.
நான் இதைப் பிள்ளையிட்டக் கேட்டதே இல்லை."

பொறுத்திருக்கிறேன்.